பாடமாகாது போன ஒரு நூல்: அபூ ஸைத் அல்-பல்கியும் அறிகை நடத்தைச் சிகிச்சையும்

பல்கலைக்கழகத்தில் உளவியல் பயிலும் மாணவர் எவரும் அறிகை நடத்தைச் சிகிச்சை என்னும் பாடத்தைக் கடந்து செல்லாதிருக்க முடியாது. மனச்சோர்வு, அச்சம், பதற்றம், வஸ்வாஸ் போன்ற உளநோய்களுக்கு இன்று உலகெங்கும் பரவலாகக் கையாளப்படும் பேச்சுவழிச் சிகிச்சை அது. ஒரு நிகழ்வுக்கு மனிதன் தன் உள்ளத்தில் கொடுக்கும் பொருளே அவனுடைய உணர்ச்சியையும் நடத்தையையும் பெரிதும் தீர்மானிக்கிறது; அப்பொருளை ஆராய்ந்து திருத்தவும், அஞ்சி ஒதுங்கும் நடத்தையைப் படிப்படியாக மாற்றவும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தால் நோய் தணியும் என்பது அதன் சாரம். இதனைப் போதிக்கும் பாடநூல்களின் வரலாற்று அத்தியாயம் பெரும்பாலும் ஸ்டோயிக் மெய்யியலாளரான எபிக்டெட்டஸில் ஆரம்பித்து, பதினெட்டு நூற்றாண்டுகளை ஒரே பாய்ச்சலில் தாண்டி, அமெரிக்க உளமருத்துவரான ஆரன் பெக்கிடம் வந்து நிற்கும்.

அந்தப் பாய்ச்சலில் தவறிப்போனவர்களுள் ஒருவர் அபூ ஸைத் அல்-பல்கி. அண்மைக் காலத்தில் அவருடைய பெயர் முஸ்லிம் எழுத்தாளர்களின் நாவில் அடிக்கடி ஒலிக்கிறது. மேற்குலகு இன்று கண்டதை நாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டோம் என்று அவர்கள் எழுதுகின்றனர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நூல் நம்மிடம் இருந்தும் அது ஏன் எந்த மருத்துவமனையிலும் எந்த மத்ரஸாவிலும் சிகிச்சைக்குரிய பாடமாக வளரவில்லை என்ற வினாவை அவர்கள் எழுப்புவது அரிது. நமது நோக்கில் அந்த வினாவே பெருமையைவிடப் பயன் மிக்கது.

அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்-பல்கி ஏறத்தாழ ஹிஜ்ரி 235 (கி.பி. 850) அளவில், இன்றைய வட ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் நகருக்கு அண்மையில், ஷாமிஸ்தியான் என்னும் கிராமத்தில் பிறந்தார். அவருடைய தந்தை சிறுவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர். இளமையில் இராக்குக்குச் சென்ற அபூ ஸைத், அங்கு பல ஆண்டுகள் தங்கி, அரபு மெய்யியலாளர்களுள் முதல்வரான அல்-கிந்தியிடம் கல்வி பெற்றார். பின்னர் சொந்த ஊருக்கே திரும்பி, ஹிஜ்ரி 322 (கி.பி. 934) இல் காலமானார். புவியியல் வரலாற்றில் அவர் பெயர் மங்கவே இல்லை. அல்-இஸ்தக்ரீ, இப்னு ஹவ்கல், அல்-முகத்தஸீ ஆகியோர் அடங்கிய வரைபட மரபு 'பல்கி மரபு' என்றே இன்றும் அழைக்கப்படுகிறது. விந்தை என்னவெனில், அவருடைய புவியியல் நூல் மறைந்துவிட்டது, அப்புகழ் நிலைத்தது. அவருடைய உளமருத்துவ நூல் நிலைத்தது. அதற்குரிய புகழோ நெடுங்காலம் வரவில்லை.

'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்பது அந்நூலின் பெயர். உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலன் பயப்பவை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இரு பாகங்களைக் கொண்ட இந்நூலின் முதற்பாகம் 14 அத்தியாயங்களில் உடல் நலத்தையும், இரண்டாம் பாகம் 8 அத்தியாயங்களில் உள நலத்தையும் பேசுகின்றது. உடலும் உள்ளமும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை; ஒன்று நோயுற்றால் மற்றதும் தன் செயலில் குன்றும்; அவ்வாறிருக்க, வைத்தியர்கள் உடலை மட்டும் கவனித்து உள்ளத்தைக் கைவிடுவது முறையன்று என்பது பல்கியின் அடிப்படை வாதம். உடலைப் பேணுதல், உள்ளத்தைப் பேணுதல் ஆகிய இரண்டையும் ஒரே நூலின் இரு பாகங்களாக அவர் அமைத்ததே இவ்வாதத்தின் செயல் வடிவம் எனலாம்.

உள்ளத்தின் துன்பங்களை அவர் நான்காக வகுக்கின்றார்: கோபம், அச்சம், கவலை, வஸ்வாஸ். ஒவ்வொன்றுக்கும் தனி அத்தியாயம் உண்டு. அவற்றுக்கு முன்னுள்ள அத்தியாயங்களில் பொதுவான விதிகளைக் கூறுகின்றார். அவற்றுள் ஒன்று மிகவும் கவனத்துக்குரியது. உடல் நலமாக இருக்கும்போதே, திடீரென வரக்கூடிய நோவுக்கென ஒருவர் சில மருந்துகளை வீட்டில் சேமித்து வைக்கிறார். அதுபோலவே உள்ளம் அமைதியாக இருக்கும் வேளையில் நலம் தரும் சிந்தனைகளைத் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கொந்தளிப்பு வரும்போது அவற்றை எடுத்துத் தனக்குத்தானே நினைவூட்ட வேண்டும் என்கிறார். இன்றைய சிகிச்சையாளர் நோயாளியிடம் ஒரு சிறு அட்டையைக் கொடுத்து, பதற்றம் மிகும்போது படிக்க வேண்டிய மாற்றுச் சிந்தனையை அதில் எழுதச் சொல்வதுண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள நெருக்கம் வெளிப்படை.

அச்சம் பற்றிய அத்தியாயம் இன்னும் நுட்பமானது. மனிதன் அஞ்சும் பெரும்பாலான விடயங்கள், அவன் எதிர்பார்த்த அளவுக்குத் தீங்கு செய்வதில்லை என்று பல்கி வாதிக்கின்றார். இதை விளக்க அவர் மூடுபனியை உவமையாகக் கொள்கிறார். அடர்ந்த பனியை முதன்முதலாகத் தொலைவில் இருந்து காண்பவன், அதனுள் புகவோ மூச்சுவிடவோ இயலாது என எண்ணுகிறான். உள்ளே சென்றதும் அது சாதாரணக் காற்றினின்றும் வேறல்ல என அறிகிறான். அறிவால் இவ்வாறு வாதிடுவதோடு அவர் நிற்கவில்லை. அஞ்சும் ஒலிகளையும் காட்சிகளையும் செவிக்கும் கண்ணுக்கும் மீண்டும் மீண்டும் பழக்கி, அவை இயல்பாகும்வரை பயிற்சி செய்யுமாறும் கூறுகின்றார். சிந்தனைத் திருத்தம், நடத்தைப் பயிற்சி என்ற இரு கூறுகளும் ஒரே அத்தியாயத்தில் இணைந்து நிற்பதைக் காண்கிறோம். 'அறிகை', 'நடத்தை' என்ற இரு சொற்களும் இருபதாம் நூற்றாண்டில் இரு வேறு முகாம்களாக நின்று பின்னரே கைகோத்தன என்பதை எண்ணும்போது இதன் அருமை விளங்கும்.

கவலையை ஆராயும்போது, காரணம் தெரிந்த துயரையும் காரணம் தெரியாத துயரையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். அன்புக்குரியவரையோ பொருளையோ இழந்ததால் வருவது முதல் வகை. அதற்குச் சிந்தனையே மருந்து. இரண்டாம் வகை உடலின் சீர்கேட்டால், குறிப்பாக இரத்தத்தின் தூய்மைக் கேட்டால் வருவது; அதற்கு உடல்வழி மருந்து வேண்டும் என்கிறார். அவர் கூறும் உடலியல் விளக்கம் அக்கால யூனானி வைத்தியத்தைச் சார்ந்தது. இன்று அது நிற்காது. ஆனால், எல்லாத் துயரும் அறிவுரையால் தீராது என்ற தெளிவு இன்றும் நிற்கும். மனச்சோர்வுற்றவரிடம் ஈமான் குறைவு எனக் குறைகூறி அனுப்பிவிடும் நமது சமூகத்துக்கு இப்பகுதி ஒன்றே போதிய பாடமாகும்.

வஸ்வாஸ் பற்றிய இறுதி அத்தியாயத்தில், அது மனிதனை அன்றாடக் கடமைகளினின்றும் இன்பங்களினின்றும் தடுத்துவிடும் கொடிய துன்பம் என வருணிக்கிறார். தனிமை அதைத் தூண்டும். எனவே மக்களோடு கலந்திருக்கவும், கை ஓயாது பணி செய்யவும், வரும் எண்ணங்களை எதிர்ச் சிந்தனைகளால் மறுக்கவும் வேண்டும் என்கிறார். இந்த அத்தியாயத்தையும் அச்சம் பற்றிய அத்தியாயத்தையும் ரானியா அவாத், ஸாரா அலி ஆகிய இரு ஆய்வாளர்கள் இக்கால உளமருத்துவ வரையறைகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, 2015, 2016 ஆம் ஆண்டுகளில் சர்வதேச மருத்துவ ஆய்விதழ்களில் கட்டுரைகள் வெளியிட்டனர். ஒப்புமை பெரிதும் பொருந்துகிறது என்பது அவர்களுடைய முடிவு.

இவ்வளவும் முற்றிலும் பல்கியின் சொந்தக் கண்டுபிடிப்பா? அவருடைய ஆசிரியர் அல்-கிந்தி, துயரங்களை அகற்றும் உபாயம் பற்றித் தனி நூலே எழுதியவர். விரும்பியதை இழப்பதாலோ நாடியதை அடையாததாலோ உள்ளத்தில் எழும் வலியே துயர் என்பது கிந்தியின் வரைவிலக்கணம். அந்நூலில் ஸ்டோயிக் சிந்தனையின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. மறுபுறம், ஆரன் பெக் 1979 இல் தம் மாணவர்களுடன் வெளியிட்ட நூலில் தமது சிகிச்சையின் மெய்யியல் வேர் ஸ்டோயிக்குகளிடம் உள்ளதென எழுதினார். ஆகவே பெக்கும் பல்கியும் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றவர்களல்லர். ஒரே பழைய ஊற்றிலிருந்து இரு வேறு கால்வாய்கள் பிரிந்தன என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. பல்கியின் தனிச்சிறப்பு, ஒழுக்கவியலாக இருந்ததை மருத்துவத்தின் பிரிவாக ஆக்கி, நோய்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் உரிய உபாயத்தைத் தனித்தனியே வகுத்தமையில் இருக்கிறது.

இனி மற்றக் கால்வாயைச் சற்று நோக்குவோம். பெக் (1921-2021) பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளமருத்துவர். பிராய்டின் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய கோபம் என்ற பிராய்டியக் கருத்தை நிறுவும் எண்ணத்துடனேயே அவர் நோயாளிகளின் கனவுகளை ஆராயத் தொடங்கினார். கனவுகளிலோ கோபத்தை விடத் தோல்வியும் இழப்புமே மேலோங்கி நின்றன. நோயாளிகள் வாய்விட்டுப் பேசும் எண்ணங்களுக்கு அடியில், அவர்களே கவனிக்காத மற்றோர் எண்ண ஓட்டம் தம்மைத் தாமே இழிவுபடுத்திக்கொண்டு ஓடுவதை அவர் கண்டார். இவற்றுக்கு 'தன்னியல்பான எண்ணங்கள்' எனப் பெயரிட்டு, 1963, 1964 ஆம் ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டார். அல்பர்ட் எல்லிஸ் 1950களின் நடுப்பகுதியிலேயே வேறு வழியில் இதையொத்த முடிவுக்கு வந்திருந்தார். தென்னாபிரிக்காவில் ஜோசப் வோல்ப், அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளச் செய்யும் முறையை வகுத்து 1958 இல் நூலாக்கினார். இவ்விரு போக்குகளும் பின்வந்த பத்தாண்டுகளில் இணைந்ததே அறிகை நடத்தைச் சிகிச்சை.

இவற்றினும் முக்கியம் பெக் அடுத்துச் செய்த மூன்று காரியங்கள். மனச்சோர்வின் கடுமையை அளக்க 21 வினாக்கள் கொண்ட அளவுகோலை 1961 இலேயே அமைத்திருந்தார். அவருடைய குழுவினர் 1977 இல் 41 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறிகைச் சிகிச்சையும் மறு பிரிவினருக்கு இமிப்ரமின் என்ற மாத்திரையும் அளித்து விளைவை ஒப்பிட்டனர். பேச்சு, மாத்திரைக்குச் சளைக்கவில்லை என்பது தெரிந்தது. 1979 இல் வெளியான நூலில், ஒவ்வோர் அமர்விலும் சிகிச்சையாளர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிறர் கற்றுக்கொள்ளும் வகையில் எழுதி வைத்தார். அளத்தல், சோதித்தல், கற்பித்தல். பல்கியின் நூலில் காணக்கிடைக்காதவை இவையே.

பல்கியின் நூல் தனி வாசகனை நோக்கிப் பேசுகிறது. அவன் தன்னைத் தானே குணப்படுத்திக் கொள்ளவும், தேவைப்படின் நல்லறிஞர் ஒருவரின் சொல்லைச் செவிமடுக்கவும் வழி கூறுகிறது. அந்த நல்லறிஞரை உருவாக்குவது எப்படி என்பது அதில் இல்லை. இதை ஒரு குறையாகச் சொல்வது பத்தாம் நூற்றாண்டு ஆசிரியருக்கு நாம் இழைக்கும் அநீதியாகிவிடும். கேள்வி அவருக்குப் பின்வந்தோரை நோக்கியது. பிற்கால பீமாரிஸ்தான்களில் ஜாலினூஸின் நூல்களும் அர்ராஸியின் நூல்களும் இப்னு ஸீனாவின் 'கானூனும்' மருத்துவக் கல்வியின் தூண்களாயின. உள்ளத்தைப் பேணும் கலையோ மருத்துவத்தினின்றும் பிரிந்து அஹ்லாக், தஸவ்வுஃப் ஆகிய துறைகளுக்குள் சென்றது. பல்கியின் சமகாலத்தவரான அர்ராஸியே தமது 'அத்திப்புர் ரூஹானி'யை மருத்துவக் களஞ்சியத்தினின்றும் தனித்த நூலாகவே எழுதினார். மிஸ்கவைஹ் 'தஹ்தீபுல் அஹ்லாக்'கை எழுதினார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் உள்ளத்தில் தோன்றும் எண்ணங்கள் எவ்வாறு நாட்டமாகவும் செயலாகவும் முதிர்கின்றன என்பதை ஆழமாக விளக்கி, தீய குணத்தை அதன் எதிர்க் குணத்தால் படிப்படியாக மாற்றும் முறையைப் போதித்தார்கள்.

'இஹ்யா' இன்றளவும் உயிரோடிருப்பதற்குக் காரணம் அது மத்ரஸாக்களிலும் தரீக்காக்களிலும் ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கைமாறியமையே. அங்கு ஒரு ஷெய்க் இருந்தார், அவரிடம் பயின்ற முரீத் இருந்தார், தவறினால் திருத்தும் வழியும் இருந்தது. பல்கியின் நூலுக்கு அப்படியொரு வகுப்பறை வாய்க்கவில்லை. இஸ்தான்பூலின் அயா ஸோஃபியா நூலகத் தொகுப்பில் இரு கையெழுத்துப் பிரதிகளாக அது கிடந்தது. பேராசிரியர் ஃபுஆத் செஸ்கின் 1984 இல் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து அதன் நிழற்பதிப்பை வெளியிட்ட பின்னரே ஆய்வாளர்களின் கைக்கு எட்டியது.

அந்நூலை இக்கால உளவியலோடு இணைத்தவர் சூடானைச் சேர்ந்த பேராசிரியர் மாலிக் பத்ரி (1932-2021). அவருடைய கல்வி வரலாறே நமது தலைப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு. பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இளமாணி, முதுமாணிப் பட்டங்களையும், இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1961 இல் கலாநிதிப் பட்டத்தையும் பெற்ற அவர், பின்னர் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் உளமருத்துவப் பயிற்சி பெற்றார். அதே மருத்துவமனையில் அக்காலத்தில் விக்டர் மேயர், வஸ்வாஸ் நோயாளிகள் திரும்பத் திரும்பச் செய்யும் சடங்குகளைச் செய்ய விடாது தடுத்துக் குணப்படுத்தும் முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1966 இல் அது வெளியாயிற்று. அச்சத்தைத் தணிக்கும் நடத்தைச் சிகிச்சையில் தாம் கண்ட புதிய உத்தி ஒன்றைப் பத்ரியும் 1967 இல் ஓர் அமெரிக்க ஆய்விதழில் எழுதினார். மேற்கத்திய உளவியலை வெளியில் நின்று ஏசியவரல்லர் அவர். உள்ளே நின்று பங்களித்தவர்.

ஆகையால்தான் அவருடைய விமரிசனத்துக்கு எடை இருந்தது. முன்னிருந்தோரின் வழியை அடிக்கு அடி பின்பற்றி, அவர்கள் உடும்பின் பொந்துக்குள் புகுந்தாலும் நீங்களும் புகுவீர்கள் எனப் பொருள்படும் நபிமொழியை நினைவூட்டி, முஸ்லிம் உளவியலாளர் உடும்பின் பொந்துக்குள் இருக்கின்றனர் என 1975 இல் அமெரிக்காவில் முஸ்லிம் சமூக விஞ்ஞானிகளிடையே அவர் உரையாற்றினார். 1979 இல் அது 'முஸ்லிம் உளவியலாளரின் இக்கட்டு' என்ற பொருள்படும் ஆங்கில நூலாக விரிந்தது. பிராய்டின் கோட்பாடுகளைப் பரீட்சித்துப் பாராமலே வேதவாக்காக ஒப்புவிக்கும் முஸ்லிம் பேராசிரியர்களையே அது கடுமையாகச் சாடியது. சோதனைக்கு நின்று பயன் தந்த உத்திகளை ஏற்பதில் அவருக்குத் தடையிருக்கவில்லை. பின்னாளில் மலேசியாவில் பேராசிரியராக இருந்தபோது 1998 இல் பல்கியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 2013 இல் பல்கியின் உளநலப் பாகத்தை முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்து, ஒன்பதாம் நூற்றாண்டு வைத்தியரின் அறிகை நடத்தைச் சிகிச்சை என்ற துணைத்தலைப்புடன் பதிப்பித்தார். அத்துணைத்தலைப்பு சற்று மிகை என்பது நமது கருத்து. ஆயினும், அது இல்லாதிருப்பின் பலர் அந்நூலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

வகுப்பறை என்று நாம் வற்புறுத்துவது எதை என்பதை இங்கிலாந்தின் அனுபவம் விளக்கும். அந்நாட்டின் தேசிய சுகாதார சேவை 2008 இல் பேச்சுவழிச் சிகிச்சையைப் பொதுமக்கள் அனைவருக்கும் எட்டச் செய்யும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. 2023 இல் அதன் பெயர் மாற்றப்பட்டது. அதற்கென ஆயிரக்கணக்கான சிகிச்சையாளரைப் பல்கலைக்கழகங்கள் பயிற்றுவித்தன. ஓராண்டுப் பட்டப்பின் டிப்ளோமா மாணவர் வாரத்தில் இரு நாட்கள் விரிவுரையிலும் மூன்று நாட்கள் சிகிச்சை நிலையத்திலும் கழிக்கிறார். நோயாளியின் ஒப்புதலுடன் அமர்வுகளை ஒலி அல்லது ஒளிப்பதிவு செய்து ஆசிரியரிடம் ஒப்படைக்கிறார். 12 அம்சங்கள் கொண்ட அளவுகோலில், ஒவ்வோர் அம்சத்துக்கும் 0 முதல் 6 வரை புள்ளியிட்டு ஆசிரியர் மதிப்பிடுகிறார். நோயாளியின் சோர்வும் பதற்றமும் ஒவ்வோர் அமர்விலும் வினாக்கொத்தால் அளக்கப்படுகின்றன. நூலறிவில் முதல்நிலை பெற்ற மாணவர் இந்த ஒலிப்பதிவில் தோற்பதுண்டு. நோயாளியைப் பேசவிடாது தாமே அறிவுரை கூறிவிடுவது புதியோரிடம் அடிக்கடி காணப்படும் பிழை. வினாக்களின் மூலம் நோயாளியே தன் எண்ணத்தைச் சோதிக்கச் செய்வதே இங்கு கற்பிக்கப்படும் கலை. நஸீஹத் செய்வதில் வல்லவரான நமக்கு இக்கலை கடினமாக இருப்பின் வியப்பதற்கில்லை.

இக்கல்வியை முடித்து வரும் சிகிச்சையாளருக்கும் தெரியாத ஒன்று உண்டு. வுழூவில் மீண்டும் மீண்டும் கையைக் கழுவி, தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டி, தொழுகை நேரமே தவறிவிடும் வஸ்வாஸ் நோயாளி ஒருவர் வந்தால், எது மார்க்கக் கடமை, எது நோயின் கட்டளை எனப் பிரித்தறிய அவருக்கு ஃபிக்ஹு தெரிய வேண்டும். உறுதியானது ஐயத்தால் நீங்காது என்ற சட்ட விதியைக் கொண்டு, ஐயத்தைப் பொருட்படுத்தாது தொழுகையைத் தொடருமாறு நமது சட்ட அறிஞர்கள் நெடுங்காலமாகவே தீர்ப்பளித்து வந்துள்ளனர். இப்னு குதாமா (ரஹ்) வஸ்வாஸ்காரர்களைக் கண்டித்துத் தனி நூல் எழுதினார்கள். சடங்கைத் தடுத்துக் குணப்படுத்தும் மேயரின் முறையும் இத்தீர்ப்பும் ஒரே திசையில் செல்கின்றன. சிகிச்சையாளர் 'ஒரு முறை மட்டும் கழுவுங்கள்' எனும்போது நோயாளி அதை மார்க்கத்துக்கு விரோதம் என்று அஞ்சலாம். அதே சொல்லை ஓர் ஆலிம் கூறினால் அச்சம் குறையும். எனினும் ஒருமுறை தீர்ப்புக் கேட்ட நோயாளி, நிம்மதி தேடி நாள்தோறும் பத்து ஆலிம்களிடம் அதே கேள்வியைக் கேட்கத் தொடங்குவதும் நோயின் பகுதியே. அதை அறியாத ஆலிம் ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொல்லி நோயை வளர்த்துவிடுவார். இருவருக்கும் ஒருவர் மற்றவரின் துறையில் ஓரளவு பாடம் வேண்டும்.

இப்பாடம் இல்லாததன் விலை சிறிதன்று. 2001 ஆகஸ்ட் 6 இல் தமிழகத்தின் ஏர்வாடியில், தர்ஹாவை அண்டி இயங்கிய காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த உளநோயாளர் தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பத்தினர் கொடியவர்களல்லர். போக வேறு இடம் அறியாதவர்கள்.

வசதி குறைந்த சூழலிலும் இப்பாடத்தைக் கொண்டுசெல்ல முடியும் என்பதற்குப் பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்கள் சான்று. பேராசிரியர் ஆதிஃப் ரஹ்மானும் குழுவினரும் அங்கு கருவுற்ற நிலையில் மனச்சோர்வுற்றிருந்த 903 பெண்களிடையே ஓர் ஆய்வை நடத்தி, 2008 இல் லான்செட் மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டனர். சிகிச்சை அளித்தவர்கள் உளவியல் பட்டதாரிகளல்லர். வீடு வீடாகச் சென்று தாய்சேய் நலம் பேணும் சாதாரணச் சுகாதாரப் பணிப்பெண்கள். அறிகை நடத்தைச் சிகிச்சையின் அடிப்படைகளை எளிய படங்களோடு அவர்களுக்குக் கற்பித்து, தொடர்ந்து மேற்பார்வை செய்தனர். குழந்தை பிறந்து ஆறு மாதங்களில், இச்சிகிச்சை பெற்ற தாய்மாருள் 23 சதவீதத்தினரே மனச்சோர்வில் இருந்தனர். பெறாதோரில் அது 53 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் அக்கைநூலை 2015 இல் தனது வெளியீடாக ஏற்றது. அதே ஆண்டில் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முஸ்லிம் நோயாளிகளின் வழிபாட்டையும் விழுமியங்களையும் சிகிச்சையின் பகுதியாகவே அமைக்கும் முறையொன்றை வெளியிட்டனர்.

அப்பணிப்பெண்கள் பல்கியின் பெயரை அறிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனால், நலமான வேளையில் நல்ல சிந்தனையைச் சேமித்து வை என்று அவர் எழுதிவைத்த உபாயத்தை, எழுத்தறியாத தாயிடமும் எடுத்துச் சென்று, அது பயன் தந்ததா என அளந்தும் பார்க்கும் ஏற்பாடு அங்கே இருந்தது. மீண்டும் மீண்டும் ஒரு கதவைத் தட்டி, சென்ற முறை கொடுத்த படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்க ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார்.